திரும்பிப் போகும் உரிமை

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து போவதென்பது நான்கு வருடமாக மகேசனுக்கு வெறும் தொலைக்காட்சிச் செய்திதான். சாப்பிடும்போது ஓடும். கை கழுவப் போகும்போது மறந்துவிடும். ஷார்ஜாவில் அல் நஹ்தா பகுதியில் ஏழாம் மாடி வீட்டில் இருப்பவருக்கு, லண்டனில் யார் யாரோடு கோபித்துக்கொண்டால் என்ன? அவர் பிறந்தது பருத்தித்துறையில். பதினெட்டு வயதில் அகதியாகப் போய் இறங்கியது டென்மார்க்கில். இருபத்து நான்கு வருடம் ஹெர்னிங் என்ற சிறு நகரத்தில் குளிரோடு மல்லுக்கட்டிவிட்டு, டேனிஷ் பாஸ்போர்ட்டும் மனைவியும் பதினொரு வயது மகளுமாக 2013இல் இங்கே வந்தார். அங்கே வேலை பார்த்த அதே குளிர்சாதனக் கம்பனிதான் ஷார்ஜா தொழில்பேட்டையில் களஞ்சியம் திறந்து அவரை அனுப்பியது.

2020 ஜூன் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அந்தச் செய்தி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் மடிக்கணினியோடு இருந்த மகள் லக்சிகா, வாசித்துக்கொண்டிருந்ததை நிறுத்தாமலே சொன்னாள். "அப்பா, அடுத்த வருஷத்தில இருந்து ஐரோப்பிய பாஸ்போர்ட் வச்சிருக்கிற பிள்ளையளுக்கு இங்கிலாந்தில ஹோம் ஃபீஸ் இல்லையாம். எல்லாரும் வெளிநாட்டுக்காரர் கட்டுற காசுதான் கட்ட வேணுமாம்."

மகேசன் சோற்றில் வைத்த கையை எடுத்தார்.

லக்சிகாவுக்கு வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பார்மசி படிக்க இடம் கிடைத்திருந்தது. அங்கத்தைய பிள்ளைகளுக்கான கட்டணம் வருடம் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பவுண்ட். அதையும் அந்த நாட்டு அரசாங்கமே கடனாகத் தரும், உழைக்கத் தொடங்கிய பிறகு கட்டலாம். வெளிநாட்டுப் பிள்ளை என்றால் இருபத்தோராயிரம். அதற்குக் கடன் இல்லை, முதலிலேயே கட்ட வேண்டும், நான்கு வருடமும்.

"இந்த வருஷம் தொடங்கிற ஆக்களுக்கு?"

"இந்த வருஷம் தொடங்கினால் முடியுமட்டும் பழைய காசுதான்."

இரண்டு கிழமைக்கு முன்னர்தான் அவர் மகளிடம், கொரோனா நேரத்தில் அறைக்குள் இருந்து கணினியில் படிப்பதற்கு எதற்கு இங்கிலாந்து, படிப்பை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்கச் சொல்லி மெயில் போடு என்று சொல்லியிருந்தார். போட்டாயிற்று என்று அவளும் சொல்லியிருந்தாள்.

"அந்த மெயிலை உடனே திருப்பி எடுக்கலாமோ?"

லக்சிகா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான் போடேல்லை அப்பா."

"போட்டிட்டன் எண்டு சொன்னாய்."

"சொன்னனான். போடேல்லை."

கோபப்படுவதா, தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பதா என்று மகேசனுக்குத் தெரியவில்லை. மனைவி சுசீலா சமையலறை வாசலில் நின்று, "நல்லகாலம்," என்று மட்டும் சொன்னாள். அப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசாத பிள்ளை, இரண்டு கிழமை முகம் மாறாமல் இருந்திருக்கிறாள். அன்று முழுவதும் அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த நிம்மதியும் நான்கு நாள்தான். திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தின் கட்டணப் பிரிவிலிருந்து ஒரு கேள்விப் பத்திரம் வந்தது. பாஸ்போர்ட் டேனிஷ், முகவரியோ ஷார்ஜா. கடந்த மூன்று வருடம் ஐரோப்பாவில் குடியிருந்தவர்களுக்குத்தான் உள்ளூர்க் கட்டணம். ஆனால் தாயோ தகப்பனோ வேலைக்காகத் தற்காலிகமாக வெளியே போயிருந்தால், அந்தக் காலத்தையும் ஐரோப்பாவில் இருந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். தற்காலிகம்தான் என்று காட்ட வேண்டியது குடும்பத்தின் பொறுப்பு.

"தற்காலிகம் எண்டால் எவ்வளவு காலமாம்?" என்று சுசீலா கேட்டாள்.

"அது எழுதேல்லை அம்மா."

மகேசனுக்குச் சிரிப்பு வந்தது. "இந்த நாட்டில ஆர் நிரந்தரமா இருக்கினம்? விசாவே ரெண்டு ரெண்டு வருஷமாத்தான் தாறான். என்ர கொன்ட்ராக்ட் நாலையும் அனுப்பு பிள்ளை. ஒவ்வொண்டிலயும் முடியிற திகதி கிடக்கு. இதைவிடத் தற்காலிகத்துக்கு என்ன சாட்சி வேணும்?"

அனுப்பினாள். ஐந்தாம் நாள் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். ஒப்பந்தம் மூன்று தடவை புதுப்பிக்கப்பட்டிருப்பதால், குடும்பம் அங்கேயே தங்கிவிட்டதாகவும் கொள்ள இடமிருக்கிறது. ஆகவே வேலைக்கு அனுப்பிய கம்பனி என்ன நிபந்தனையில் அனுப்பியது, திரும்பி வருவதற்கு என்ன ஏற்பாடு என்பதைக் காட்டும் கடிதங்கள் வேண்டும். ஜூலை பதினேழுக்குள்.

லக்சிகாவால் டென்மார்க்கில் இலவசமாகப் படிக்க முடியாதா என்று கேட்டவர்கள் உண்டு. அவள் டேனிஷில் பேசினால் ஹெர்னிங்கில் பிறந்த பிள்ளை என்று யாரும் சொல்வார்கள். எழுதினால் பதினொரு வயதுப் பிள்ளை எழுதியது போல இருக்கும். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் ஷார்ஜாவில், ஆங்கிலத்தில்.

கம்பனியில் அப்போது யாரும் யாரிடமும் கடிதம் கேட்கும் காலம் இல்லை. ஏப்ரல் மாதத்திலிருந்து சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. களஞ்சியத்தில் அறுபது பேராக இருந்தவர்கள் நாற்பத்தொன்பது ஆகியிருந்தார்கள். பதினொரு வருட அனுபவத்தோடு வந்து சேர்ந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் கார்மேகத்துக்குப் போன கிழமைதான் வேலையை முடித்து ஊருக்கு டிக்கெட் கொடுத்தார்கள். அவன் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு விமானத்துக்குக் காத்திருந்தான். அடுத்த பட்டியலை ஷார்ஜா கிளையின் பொது மேலாளர் ஹசன் அலி தயாரிக்கிறார், அது ஜூலை நடுவில் தலைமை அலுவலகத்துக்குப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். பட்டியலில் யார் என்றுதான் தெரியாது.

பணியாளர் பிரிவில் இருந்தது ஜெயசீலன், திருநெல்வேலிக்காரன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். மகேசன் விஷயத்தைச் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அண்ணாச்சி, இந்த நேரத்துலயா? நான் இங்க இருக்கது கொஞ்ச நாளைக்குத்தான், ஊருக்குத் திரும்பிப் போவேன்னு கம்பெனிக்கிட்டயே எழுதி வாங்கப் போறீங்களா? அந்தத் தாளு ஹசன் அலி கண்ணுல பட்டுதுன்னா, யாரை அனுப்பலாம்னு அவரு யோசிக்கவே வேண்டாம்லா."

"புதுசா ஒண்டும் எழுத வேண்டாம் தம்பி. 2013இல என்னை அனுப்பேக்க ஹெர்னிங்கில ஒரு கடிதம் தந்தவங்கள். அது என்னட்ட இல்லை. ஃபைலில இருக்கும்."

ஜெயசீலன் எழுந்து போய் ஒரு தடித்த கோப்பைக் கொண்டுவந்தான். அடியிலிருந்து புரட்டினான். கடிதம் இருந்தது. டேனிஷில் ஒரு பக்கம். இரண்டு வருடத்துக்கு ஷார்ஜா. முடிந்ததும் ஹெர்னிங் களஞ்சியத்தில் அதே தரத்தில் வேலைக்குத் திரும்பும் உரிமை உண்டு. மகேசனுக்கு மூச்சு இலேசானது.

"அதுக்கு மேல இது ஒண்ணு கெடக்கே," என்றான் ஜெயசீலன்.

அதை மகேசன் மறந்திருக்கவில்லை. எடுத்துப் பார்க்காமல் இருந்தால் இல்லாமல் போய்விடும் என்பது போல ஐந்து வருடம் இருந்திருந்தார். 2015 மார்ச்சில் அவர் கையெழுத்து வைத்த தாள். டேனிஷ் சம்பளப் பட்டியலிலிருந்து விலகி உள்ளூர் ஒப்பந்தத்துக்கு மாறுகிறேன். திரும்பிப் போகும் உரிமையை என் விருப்பத்தின் பேரில் விட்டுக்கொடுக்கிறேன். இதற்கு ஈடாக வீட்டு வாடகைப் படியும் களஞ்சிய மேலாளர் பதவியும். நீல மையில் அவருடைய பெயர் தெளிவாக இருந்தது.

ஜெயசீலன் இரண்டையும் பார்த்தான், அவரையும் பார்த்தான். "அவங்க அனுப்புன லெட்டரைத்தான கேக்காங்க? அதை மட்டும் காப்பி எடுத்துத் தாரேன். மத்தத நான் பாக்கல, நீங்களும் பாக்கல. கலாஸ், அவ்வளவுதான்."

மகேசன் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வெயிலில் நின்ற கார் அடுப்பு போலக் கொதித்தது. ஏசி குளிரும்வரை கதவைத் திறந்துவைத்து நின்றபோது, தொழில்பேட்டைத் தெருவில் வெள்ளைப் பஸ் ஒன்று பாதி ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு, இருக்கைக்கு இருக்கை இடம் விட்டுப் போனது.

வீட்டில் கடிதத்தைப் பார்த்த லக்சிகா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "அப்பா, இதுதான். இதைத்தான் கேட்டவை."

சுசீலா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கி வாசித்தாள். அவள் ஹெர்னிங்கில் முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவள். டேனிஷ் வாசிப்பதில் அவரைவிடக் கெட்டிக்காரி. கடைசிப் பந்திக்கு வந்ததும் நிறுத்தி, மறுபடி அதே பந்தியை வாசித்தாள்.

"அதே தரத்தில திரும்பி வேலைக்கு எடுப்பம் எண்டு எழுதியிருக்கு," என்றாள்.

"ஓம்."

"அப்ப ஏன் எங்களை விடேல்லை? ஒவ்வொரு வருஷமும் கேட்டனான். கம்பனி விடுதில்லை, அங்க இடமில்லை எண்டுதானே சொன்னனீங்கள்."

"கம்பனியள் எழுதிறது ஒண்டு, செய்யிறது ஒண்டு," என்றார் மகேசன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அவருக்கே அது பயமாக இருந்தது.

லக்சிகா கேள்விப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். "அப்பா, இதில நான் ஒரு உறுதிமொழி குடுக்க வேணும். என்னட்ட இருக்கிற எல்லாக் கடிதமும் தந்திட்டன், ஒண்டும் மறைக்கேல்லை எண்டு. மறைச்சது பிறகு எப்ப தெரிய வந்தாலும் படிப்பை நிப்பாட்டுவினம், கட்டாத காசையும் கேப்பினம். இதுக்குப் பிறகு வேற கடிதம் ஏதும் இருக்கோ?"

"இல்லை."

அவள் தன் பெயரை முழுதாகத் தட்டினாள். ஸ்கான் செய்த ஒரு பக்கம் மங்கலாக இருக்கிறது, பள்ளிக்கூடத்து நண்பி வீட்டில் நல்ல மெஷின் இருக்கிறது, சனிக்கிழமை போய் எடுத்து அனுப்புகிறேன் என்றாள்.

சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

அந்த மூன்று நாளும் மகேசன் அந்தத் தாளையே நினைத்துக்கொண்டிருந்தார். தான் செய்தது பெரிய குற்றம் என்று அவர் நினைத்ததே இல்லை. ஹெர்னிங்கில் அவர் ஒருபோதும் மேலாளர் ஆகியிருக்கமாட்டார். இருபது வருடம் வேலை செய்தும், கூட்டங்களில் பின்வரிசையில் இருந்து தலையாட்டிவிட்டு, பனியில் சைக்கிள் மிதித்து வீடு வருகிறவர். இங்கே வந்த முதல் நாளே அறுபது பேர் எழுந்து நின்று சார் என்றார்கள். அந்தத் தாள் முன்னால் வந்தபோது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கேட்டால் சுசீலா வேண்டாம் என்பாள் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

இப்போது அதற்கு மேல் மகளின் பெயர் ஏறியிருந்தது. மூன்றாம் வருடத்தில், பரீட்சைக்கு முதல் நாள், யாரோ ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்தால்? ஜெயசீலனே வேலையை விட்டுப் போகும்போது கோபத்தில் ஒரு மெயில் போட்டால்? முகம் மாறாமல் பொய் சொல்ல அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்ற கேள்வி வேறு, கேட்க ஆளில்லாமல் தலைக்குள் சுற்றியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுசீலா கடையிலிருந்து வந்த பால் பெட்டிகளையும் மரக்கறிப் பைகளையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கிருமிநாசினித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். லக்சிகா துடைத்ததை எடுத்து அடுக்கினாள். மகேசன் கதிரையில் இருந்து சிறிது நேரம் அதைப் பார்த்தார்.

"இன்னொரு கடிதம் இருக்கு," என்றார்.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். அவர் ஒன்றையும் விடாமல் சொன்னார். எந்த மாதம், என்ன எழுதியிருந்தது, அதற்கு என்ன கிடைத்தது, எல்லாம். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

சுசீலா துடைத்துக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். "2015இல என்ர அம்மா கொப்பன்ஹேகன் ஆஸ்பத்திரியில கிடந்தவ," என்றாள். "இன்னும் ஒரு வருஷம் பொறு, கம்பனி விட்டிடும் எண்டு சொன்னனீங்கள். நான் அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னனான். அடுத்த வருஷம் வந்திடுவன் அம்மா எண்டு."

அவளுடைய அம்மா அந்த வருடம் நவம்பரில் இறந்துபோனார்.

"நீங்கள் வேலையை விரும்பினதுக்கு நான் கோவிக்கேல்லை. என்னைக் கேட்டிருந்தால் நான் ஓம் எண்டுகூடச் சொல்லியிருப்பன். தெரியேல்லை. கேட்டிருந்தால்தானே தெரியும்." அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

லக்சிகா தரையில் இருந்த பைகளைத் தனியாகத் துடைத்து முடித்தாள். பிறகு, "அந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வாங்கோ அப்பா," என்றாள். "அதையும் சேர்த்துத்தான் நான் அனுப்புவன்."

"அனுப்பினால் கிடைக்காது பிள்ளை."

"கிடைக்காமல் போகட்டும். என்ர பேரில பொய் போக வேண்டாம். மெயில் போட்டிட்டன் எண்டு ஒரு தரம் பொய் சொன்னதே காணும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெயசீலனிடம் போனபோது அவன் முகம் சரியில்லை. "உங்க ஃபைல நான் எடுத்தத ஹசன் அலி பாத்துட்டாரு. உங்கள வரச் சொன்னாரு," என்றான்.

ஹசன் அலி கராச்சிக்காரர். மேசைமேல் மகேசனின் கோப்பு திறந்தபடி இருந்தது. பக்கத்தில் ஒரு கணக்குத் தாள், அதில் பெயர்களும் சில பெயர்களுக்கு நேரே பென்சில் கோடுகளும். தலைகீழாக இருந்ததால் மகேசனால் வாசிக்க முடியவில்லை. வாசிக்க முயன்றும் பார்த்தார்.

"மகேசன் பாய், திரும்பிப் போகிறீர்களா?" என்று அவர் உருது கலந்த ஹிந்தியில் கேட்டார். "போகிறதென்றால் சொல்லிவிடுங்கள். இந்தத் தாளில் எனக்கு இன்னும் ஒரு பெயர் வேண்டும். நீங்களாகப் போனால் பிள்ளைகுட்டிக்காரன் ஒருவன் தப்புவான்."

இல்லை என்று சொல்லத்தான் வந்திருந்தார். "தெரியாது," என்றார். பிறகு விஷயத்தைச் சொன்னார். மகள், பல்கலைக்கழகம், இரண்டு கடிதங்கள்.

ஹசன் அலி கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பையன் லீட்ஸில் மூன்றாம் வருடம். முதல் நாளிலிருந்து வெளிநாட்டுக் கட்டணம். நான் எங்கே குடியிருக்கிறேன், ஏன் குடியிருக்கிறேன் என்று என்னிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், பில்லைக் கொடுத்தார்கள்." கோப்பிலிருந்து அந்தத் தாளை உருவி, நகல் எடுத்து, ஓரத்தில் முத்திரையும் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். "இதற்குக் கம்பனியில் ரகசியம் ஒன்றும் இல்லை. அச்சா, போங்கள். பட்டியல் வியாழக்கிழமை போகிறது."

போகிற பெயரா, இருக்கிற பெயரா என்று அவர் சொல்லவில்லை. மகேசனும் கேட்கவில்லை.

வீட்டில் சுசீலா இரண்டு நாளாக அவரோடு பேசியிருக்கவில்லை. அன்று மாலை அவர் கொண்டுவந்த தாளை லக்சிகா மங்காமல் படமெடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, சுசீலா தன் கைபேசியைக் கொண்டுவந்து மகளின் முன்னால் வைத்தாள்.

"இதையும் சேர்த்து அனுப்பு."

திரையில் ஹெர்னிங் நகரத்து வீட்டுச் சங்கத்தின் ரசீது. அந்த ஊரில் வாடகை வீடு வேண்டுமென்றால் சங்கத்தில் பெயர் பதிந்து வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் இடம் போகாமல் இருக்க வருடாவருடம் ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். ஒரு வருடம் தவறினாலும் பெயர் கடைசிக்குப் போய்விடும். சுசீலா 2014 ஜனவரியிலிருந்து கட்டியிருந்தாள். இங்கே ஒரு சிறுவர் பள்ளியில் உதவியாளராக வேலை செய்த சம்பளத்திலிருந்து, ஹெர்னிங்கில் மூடாமல் வைத்திருந்த தன் பழைய வங்கிக் கணக்கு வழியாக. ஏழு ரசீது. அவற்றோடு வருடத்துக்கு ஒரு மெயில்: இரண்டு அறை போதும், பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட என்றால் நல்லது, கணவரின் வேலை முடிந்ததும் வந்துவிடுவோம். கடைசி மெயிலில் பள்ளிக்கூடம் என்ற சொல் இல்லை.

மகேசன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "ஏன் எனக்குச் சொல்லேல்லை நீர்?"

"சொன்னால் வீண் காசு எண்டு நிப்பாட்டச் சொல்லுவியள்." அவள் கைபேசியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "நீங்களும் சொல்லேல்லைத்தானே."

எல்லாம் போயிற்று, கெடுவுக்கு ஐந்து நாள் முன்னதாக. அதன் பிறகு காத்திருப்பு. வியாழக்கிழமை பட்டியலும் போயிற்று. காலையில் கைபேசி ஒலித்தால் அது ஜெயசீலனாக இருக்கக்கூடாது என்றும், மகளின் கணினி கிணுங்கினால் அது இங்கிலாந்தாக இருக்க வேண்டும் என்றும் மகேசன் பழகிப்போனார். வீட்டில் மூன்று பேரும் சாப்பிட்டார்கள், உப்பு கேட்டார்கள், கொடுத்தார்கள். அதற்கு மேல் பேச்சில்லை. ஆகஸ்ட் முதல் கிழமையில் களஞ்சியத்தில் ஏழு பேருக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. மகேசனுக்கு வரவில்லை. ஹசன் அலி தேடிய அந்த ஒரு பெயர் கடைசியில் யாருடையது என்று அவருக்குத் தெரியும். குளிர் அறையில் வேலை செய்த, மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன் ஒருவன். அவன் வந்து கைகொடுக்க முடியாமல் முழங்கையை முட்டிவிட்டுப் போனான். மகேசனால் அவனைப் பார்க்க முடியவில்லை.

பல்கலைக்கழகத்தின் முடிவு ஆகஸ்ட் பதினோராம் திகதி வந்தது. லக்சிகா உரக்க வாசித்தாள், ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரியாக. தகப்பனின் 2015ஆம் வருடக் கடிதம், குடும்பம் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டதற்கான சான்றாக இருக்கக்கூடும். ஆனாலும் தாய், இடைவிடாமல் ஏழு வருடம், சொந்த ஊரில் வீட்டுக்கு ஏற்பாடு செய்து வந்திருப்பது அதற்கு மாறான சான்று. இரண்டையும் எடைபோட்டதில், மாணவி உள்ளூர்க் கட்டணத்துக்குத் தகுதியானவர்.

லக்சிகா அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சுசீலா அழுதாள், பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். மகேசன் எழுந்து நின்றாரே தவிர எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார். மகள்தான் வந்து அவர் தோளில் தலையை வைத்தாள்.

அந்தக் கிழமையே சங்கத்திடம் சுசீலா விசாரித்தாள். ஏழு வருடம் நகர்ந்து வந்த வரிசையில் அவளுக்கு முன்னால் இரண்டே பெயர்கள்தான் இருந்தன. இரண்டு அறை வீடு செப்டம்பர் பதினைந்தாம் திகதியிலிருந்து கிடைக்கும் என்று சொன்னார்கள். ஓம் என்று எழுதிவிட்டுத்தான் அவள் வந்து அவரிடம் சொன்னாள்.

"நான் பிள்ளையோட போறன். அவள் அங்க இருந்து இங்கிலாந்து போகட்டும். லீவுக்கு வர ஒரு வீடு வேணும்."

"நான்?"

"உங்களுக்கு வேலை இருக்கு. அதைப் பாருங்கோ." குரலில் சூடு எதுவும் இல்லை.

செப்டம்பர் நடுவில் துபாய் விமான நிலையத்தில் அவர்களை இறக்கினார். பயணிகளைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. வாசலில் நின்று மூன்று பேரும் முகக்கவசத்தோடு விடைபெற்றார்கள். லக்சிகா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். சுசீலா பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவு மூடுமுன் நின்று, கையை உயர்த்தினாள்.

அல் நஹ்தா வீட்டை விட்டுவிட்டு மகேசன் ஷார்ஜாவிலேயே ரோலா பகுதியில் இன்னும் இரண்டு பேரோடு ஒரு ஃபிளாட்டில் அறை எடுத்தார். முதல் மாதம் சுசீலா மகளின் செய்திகளை மட்டும் அனுப்பினாள். பிறகு ஹெர்னிங் வீட்டு ஜன்னலைப் படமெடுத்து அனுப்பினாள். டிசம்பரில் ஒரு நாள் அவளாகவே அழைத்து, இங்கே ரேடியேட்டர் ஒன்று சூடாகவில்லை, எந்தத் திருகைத் திருக வேண்டும் என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசினார்கள், முக்கால்வாசியும் அந்தத் திருகைப் பற்றி.

ஒப்பந்தம் மார்ச்சில் முடிவதாக இருந்தது. ஜனவரி கடைசியில் ஜெயசீலன் புதிய தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். இரண்டு வருடம், வெட்டிய சம்பளத்தில் பாதி திரும்பக் கிடைக்கும். "ஒரு கையெழுத்துதான் அண்ணாச்சி, இப்பவே போட்டுத் தந்தா இன்னைக்கே அனுப்பிருவேன்."

"நாளைக்குத் தாறன்," என்றார் மகேசன்.

வெளியே வந்து, ஏற்றுமதிப் பெட்டிகள் அடுக்கியிருந்த நிழலில் நின்று சுசீலாவை அழைத்தார். அங்கே காலை; அவள் மறுபடி சேர்ந்திருந்த முதியோர் இல்லத்து வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷத்துக்குத் தாறாங்கள்," என்றார். "ஒரு வருஷத்துக்கு மட்டும் கேக்கலாம் எண்டு நினைக்கிறன். அதுக்குள்ள பிள்ளையின்ர செலவுக்குக் கொஞ்சம் சேர்த்துப்போட்டு வந்திடுவன். நீர் என்ன சொல்லுறீர்?"

மறுமுனையில் சப்பாத்து நாடா இறுகும் சத்தம் கேட்டது.

"ஒரு வருஷம் எண்டால் சரி," என்றாள் சுசீலா. "ஆனால் கையெழுத்து வைக்க முதல் அந்தத் தாளை முழுக்கப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கோ. பின்பக்கமும்."

மகேசன் ஜெயசீலனிடம் திரும்பிப் போய், இரண்டு என்பதை ஒன்று என்று மாற்றி அடிக்கச் சொன்னார். புதுத்தாள் வந்ததும் மேசைமேல் நேராக விரித்து, முன்பக்கத்தைப் படமெடுத்தார். திருப்பி, ஒன்றும் எழுதாமல் வெறுமையாகக் கிடந்த பின்பக்கத்தையும் எடுத்தார். இரண்டையும் அனுப்பிவிட்டுப் பேனாவை மூடியபடியே பதிலுக்குக் காத்திருந்தார்.